கடைசி அலசல்

மருந்துத் துணித் தொழிலுக்கு நான் படித்துத்தான் வந்தேன் என்றாலும், அது எனக்குள் முதலில் நுழைந்தது ஒரு சத்தமாக: வேட்டி கிழிபடும் சத்தம். புது வேட்டியைக் கிழித்தால் கிறீச்சென்று அதில் ஒரு கோபம் இருக்கும். பல வருடம் துவைத்த வேட்டியில் அந்தக் கோபம் இராது. யாரோ நீளமாக மூச்சு விடுவதுபோலக் கிழியும். கான்சாபுரத்து வீட்டில், அப்பாவின் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட, அம்மா தினமும் காலையில் அப்படி ஒரு துண்டு கிழிப்பாள். நானும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரம் அது. ஒருநாள் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அன்று நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை.

பிறகு மதுரையில் வேதியியல் படித்தேன். இராஜபாளையத்தில் காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற ஓர் ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் இருந்தேன். ஓய்வுபெற்ற பின், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் சேர்ந்தேன். டி.என்.ஏ.வை மடித்துக் கண்ணுக்குத் தெரியாத தட்டு செய்து, அதன்மேல் நொதிகளைக் குறித்த இடத்தில் உட்காரவைக்கிற வேலை. இதைப் படித்ததும் "பாவம்" என்று யாராவது முணுமுணுத்தால், அவரும் ஏதோ ஓர் ஆய்வகத்தில் பைப்பெட்டைப் பிடித்துக்கொண்டு, வராத ஒரு நிறத்துக்காக நின்றவராகத்தான் இருக்கவேண்டும். உங்களிடம்தான் பேசுகிறேன். மற்றவர்களுக்கு இந்தப் பிழைப்பின் அலுப்பு புரியாது.

வயதுக் கட்டம்

விண்ணப்பத்தைக் கொடுக்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மகளுக்கா என்று கேட்டார். எனக்கு மகள் இல்லை, எனக்கேதான் என்றேன். திட்ட உதவியாளருக்கு முப்பத்தைந்து வயதுதான் வரம்பு. எனக்கு அறுபத்துநான்கு. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டாக்டர் ஜெயராணி உள்ளே வந்தார். சேத்தூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர், என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். ஆய்வகம் அவருடையது. என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: காஸ் துணியைத் தண்ணீரில் போட்டால் எத்தனை விநாடியில் மூழ்கவேண்டும்? பத்துக்குள், என்றேன். அதற்கு மேல் போனால் பருத்தியில் இயல்பாக இருக்கிற மெழுகு போகவில்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்பவேண்டும் என்றும் சொன்னேன். அவர் கிளார்க்கிடம் திரும்பி, டி.என்.ஏ. தெரிந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், துணி தெரிந்த ஆள்தான் தனக்குக் கிடைக்கவில்லை, ஆலோசகர் என்று பெயர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். கிளார்க் பேனாவைத் திறந்தார்.

"சரி மேடம், வயசுக்கு நேரா என்ன போடட்டும்? ஒரு கோடு மட்டும் போட்டு விட்டுரவா?"

செக்போஸ்ட்

தம்பி சங்கரபாண்டி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவன். கான்சாபுரத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வந்தவை கொஞ்சம் நிலம், முன்கோபம், சர்க்கரை. நான் ஆய்வகத்தில் சேர்ந்த மாதம் அவன் இடது கால் சுண்டுவிரலின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. மாத்திரை சாப்பிட்டான், மருந்து போட்டான். புண் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கட்டு மாற்றுவேன். காலை என் மடியில் வைத்துக்கொண்டு, நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டான்.

சொன்னேன். டி.என்.ஏ. என்பது ஒரு நூல். நீளமான நூல் ஒன்று, குட்டை நூல்கள் இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொரு குட்டை நூலுக்கும் நீள நூலின் எந்தெந்த இடங்களைப் பிடித்து ஒன்றாக இழுத்துக் கட்டவேண்டும் என்று தெரியும். எல்லாவற்றையும் சூடாக்கி மெல்ல ஆறவிட்டால் தானாக மடிந்து ஒரு தட்டு ஆகிவிடும். அதில் குறித்த இரண்டு இடங்களில் இரண்டு நொதிகளைக் கட்டுவோம். முதல் நொதி புண்ணீரில் இருக்கிற சர்க்கரையைத் தின்று பெராக்சைடு உண்டாக்கும். இரண்டாவது நொதி அதைக் கையோடு வாங்கிக் கிருமியைக் கொல்கிற வேலைக்குத் திருப்பும். இரண்டையும் சும்மா தண்ணீரில் விட்டால் ஒன்று எங்கோ, மற்றது எங்கோ. பக்கத்தில் உட்காரவைத்தால் வேலை ஓடும். அந்தத் தட்டுகளைக் காஸ் துணியில் பதித்துவிட்டால் சர்க்கரைப் புண்ணுக்கென்றே ஒரு கட்டுத்துணி. இரண்டும் கைகோத்துவிட்டனவா என்று பார்க்க, நிறமில்லாத ஒரு சாயத்தைத் துணியில் வைப்போம். வேலை நடந்தால் அது நீலமாகும்.

மனிதர் காலில் வைப்பதற்குமுன் பல படி தாண்டவேண்டும், வருடக்கணக்கில் ஆகும் என்பதையும் சொன்னேன். அது அவன் காதில் ஏறவில்லை.

"ரெண்டு சென்ட்ரியையும் ஒரே செக்போஸ்ட்ல நிறுத்துதிய. அம்புட்டுதான? மொதத் துண்டு என் காலுக்கு எக்கா, இப்பவே சொல்லிட்டேன்."

ஹாட்பேக்

தட்டு மடிவதற்கு, கொதிக்கிற நிலைக்குப் பக்கத்திலிருந்து அறையின் குளிர்ச்சிவரை சூடு படிப்படியாக இறங்கவேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. கருவிக்கு மின்சாரம் வேண்டும். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிற்கும். எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்த அறிவிப்பை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. நூல்களைக் கலந்து குழாயில் ஊற்றி முடித்தபோது விளக்கு அணைந்தது. ஜெயராணி மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரம் காத்திருந்து வரவழைத்த நூல்கள் அவை.

நான் கேன்டீனுக்குப் போய், அதை நடத்துகிற செல்லத்தாயிடம் இட்லி சூடு ஆறாமல் வைக்கிற பெரிய ஹாட்பேக்கைக் கேட்டேன். கொதிக்கும் தண்ணீரை அதில் நிரப்பி, தெர்மோகோல் துண்டில் குழாய்களைச் செருகி மிதக்கவிட்டு, மூடியில் ஒரு துளையிட்டு வெப்பமானியை இறக்கினேன். சாயங்காலம்வரை பக்கத்தில் உட்கார்ந்து அரைமணிக்கொருமுறை சூட்டைக் குறித்தேன். கருவியைவிட மெதுவாகவே அது ஆறியது. பிறகு மதுரைக்கு அனுப்பிப் பெரிய நுண்ணோக்கியில் எடுத்த படத்தில், சின்னஞ்சிறு செவ்வகங்கள், வெயிலில் காயப்போட்ட துணிகள் மாதிரி வரிசையில்லாமல் கிடந்தன. ஆனால் அந்த நாளை நினைத்தால் படம் நினைவுக்கு வருவதில்லை. மூடியில் துளைபோட்டதற்காக என்மேல் கோபத்தில் இருந்த செல்லத்தாயின் குரல்தான் வருகிறது.

"செத்த நேரம் தெறக்கவும் விட மாட்டேங்கிய, உள்ள ஒரு இட்லியும் இல்ல. ஹாட்பேக்குக்குக் காவ இருக்கதுக்கா எம்.எஸ்ஸி. படிச்சிய?"

பின் சீட்டுக்குத் தண்ணீர்

தட்டில் இரண்டு நொதிகளையும் எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் நான்கு மாதம் போயிற்று. ரொம்ப நெருங்கினால் ஒன்றின்மேல் ஒன்று முட்டிக்கொண்டன. தள்ளிவைத்தால் முதல் நொதி கொடுத்த பெராக்சைடு இரண்டாவதின் கைக்கு வருமுன் தண்ணீரில் கரைந்து காணாமல் போயிற்று. தினமும் ஓர் இடைவெளி, தினமும் ஓர் ஏமாற்றம். இதைப் பட்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தப்பு என்றைக்கும் ஒரே மாதிரி வருவதில்லை, அதுதான் கொடுமை.

அந்த நாட்களில் ஒருநாள் இராஜபாளையம் டவுன் பஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்தில், பின் சீட்டில் ஓர் அம்மாளுக்கு மயக்கம் வந்தது. முன்னால் இருந்தவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க, அது கைக்குக் கை மாறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் நொடியில் பின்னால் போய்ச் சேர்ந்தது. மறுவாரம் அதே பஸ் காலியாக வந்தது. கண்டக்டர் யாருக்கோ தூக்கிப்போட்ட பாட்டில் சீட்டுக்கடியில் உருண்டு படி வழியாகச் சாலையில் விழுந்தது. நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். தட்டின்மேல் நடப்பது இதுதானே. இடைவெளியைக் குறைத்து, ஆனால் முட்டாமல், நடுவே ஒரு கை எட்டும் தூரம் விடவேண்டும். மறுநாளே ஜெயராணி மேடத்திடம் சொல்லி அந்த இடைவெளிக்கு நூல்களை மாற்றினோம். குழாய்க்குள் சாயம் நீலமானது, சர்க்கரை இல்லாத குழாய் வெளுப்பாகவே நின்றது. இனித் துணிதான் பாக்கி. கண்டக்டர் மட்டும் நான் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"கூட்டம்னா தண்ணி தன்னால போயிரும்மா. காலி வண்டிலதான் எல்லாத்துக்கும் நான் நடக்கணும். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

புது ரோல்

திட்டத்தை நீட்டிப்பதா முடித்துவிடுவதா என்று பார்க்க ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. அதே வாரத்தில் சங்கரபாண்டியின் சுண்டுவிரல் நுனி கறுத்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஆய்வகத்தில் இருந்த காஸ் துணி ரோல் தீர்ந்து ஒன்றிரண்டு துண்டுகளே மீதி. நான் என் பழைய ஆலைக்கு ஓடினேன்.

பிளீச்சிங் பிரிவின் மேஸ்திரி வெங்கட்ராஜா. வீட்டில் தெலுங்கு, ஆலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். காஸ் துணியை வெளுக்கப் பெராக்சைடில் வேகவைப்பார்கள். வெந்த பிறகு அது சுத்தமாகப் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசுவார்கள். அன்று தண்ணீர் லாரி வரவில்லை. நாளைக்கு வாருங்கள் என்றார். எனக்கு நாளை என்ற சொல்லே பிடிக்கவில்லை. முப்பது வருடம் இதே இடத்தில் இருந்தவள் நான், ஆய்வகத்தில் நானே அலசிக்கொள்வேன் என்று பிடிவாதமாக ஈர ரோலை வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து நேரே கான்சாபுரம் போய்த் தம்பியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரவு வீடு திரும்பி, துணியை மின்விசிறிக்கடியில் விரித்துப்போட்டுவிட்டுப் படுத்தேன். வாசலில் நின்று வெங்கட்ராஜா சொன்னதற்குச் சரி சரி என்று தலையாட்டினேனே தவிர, அது எனக்குள் போகவில்லை.

"இன்னும் ஒரு அலசல் பாக்கி இருக்கு கெமிஸ்ட்டம்மா. மறந்துராதீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

நீலம்

சனிக்கிழமை. புது ரோலிலிருந்து ஒரு துண்டு கிழித்தேன். கிறீச்சென்றது. தட்டுகளைப் பதித்தோம், சாயம் வைத்தோம், சர்க்கரைத் தண்ணீர் விட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, துணி நீலமாயிற்று. வெளிறிய நீலம் இல்லை; மலைமேல் மேகம் இறங்கும்போது வருமே, அந்த அடர்நீலம். பக்கத்தில், பழைய ரோலின் மிச்சத் துண்டு, சர்க்கரை விடாதது, வெள்ளையாகவே இருந்தது. ஜெயராணி மேடம் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை குழு வருகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரம் போனேன். நீலம் வந்துவிட்டது என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். சங்கரபாண்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். அவன் மனைவி மாரியம்மாள் அவனுக்குக் கட்டு மாற்ற ஒரு பழைய வேட்டியை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். காஸ் துணி நான் கொண்டுவந்து கொடுத்தது அலமாரியில் இருந்தது. ஆனால் அவளுக்கு வேட்டித் துணிதான் நம்பிக்கை. நீளமான மூச்சுப்போல அது கிழிந்தது. ஐம்பது வருடத்துக்குப் பின் அதே வீட்டில் அதே சத்தம். அவன் அதைக் கவனிக்காமல் மாரியம்மாளைக் காட்டினான்.

"எக்கா, நீலம் வந்துட்டுன்னா இனி இந்தக் கிழிசல் எதுக்கு? அவள நிறுத்தச் சொல்லு."

சர்க்கரை இல்லாத துண்டு

நன்றாக அலசிய துணி அப்படிக் கிறீச்சிடாது. பஸ்ஸில் வரும்போது இது மட்டும்தான் மனதில் ஓடியது. வெங்கட்ராஜா சொன்னது அப்போதுதான் வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது. ஆலையில் முப்பது வருடம் நான் செய்த சோதனை ஒன்று உண்டு. அலசிய தண்ணீரில் அயோடைடும் ஸ்டார்ச்சும் கலந்த சொட்டை விடவேண்டும். பெராக்சைடு மிச்சம் இருந்தால் நீலமாகும். நீலம் என்றால் மறுபடி அலசு. ஆயிரக்கணக்கான ரோல்களை அந்த நிறத்துக்காகத் திருப்பி அனுப்பியவள், அதே நிறத்தைக் கண்டு சனிக்கிழமை கைகூப்பினேன்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். புது ரோலில் இன்னொரு துண்டு கிழித்து, எல்லாம் அதேபோலச் செய்து, சர்க்கரையை மட்டும் விடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் நீலம். துணியிலேயே பெராக்சைடு இருந்திருக்கிறது. முதல் நொதிக்கு வேலையே இல்லை, இரண்டாவது மட்டும் சாப்பிட்டிருக்கிறது. அந்தத் துண்டு என் கையில் இருந்தது. பக்கத்தில் தொட்டி, தண்ணீர்க் குழாய். மணி எட்டரை. குழு பத்து மணிக்கு. துண்டைக் கசக்கித் தொட்டியில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. உண்மையைச் சொல்கிறேன், குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொஞ்ச நேரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் துண்டுக்கு உள்ளே சங்கரபாண்டியின் கால் இருப்பதாக ஓர் எண்ணம் வந்தது. குழாயை மூடினேன்.

ஜெயராணி மேடம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்: ஈர ரோல், அலசாமல் விட்டது, கிழித்தபோது கிறீச்சிட்டது, என் தப்பு. அவர் இரண்டு நீலத் துண்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சோதனைத் துண்டையும் ஒப்பிடும் துண்டையும் ஒரே ரோலில் எடுக்காதது தன் தப்பு என்றார். கைப்பையை மேசையில் வைத்தார்.

"அதைத் தூக்கிப் போட்டுறாதீங்கம்மா. அவங்க வந்ததும் முதல்ல இதைத்தான் காட்டணும்."

குழு

மூன்று பேர் வந்தார்கள். எங்கெங்கோ பெரிய கல்லூரிகளில் இருப்பவர்கள். ஜெயராணி மேடம் ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு துண்டுகளையும் வைத்தார். இதில் சர்க்கரை உண்டு, இதில் இல்லை, இரண்டும் நீலம், ஆகவே துணியில் எங்கள் சோதனை தோற்றுவிட்டது என்று தொடங்கினார். பிறகு குழாய்க்குள் தட்டுகள் ஒழுங்காக வேலை செய்ததற்கான குறிப்புகளையும் மதுரைப் படங்களையும் எடுத்துப்போட்டார். நான் சுவரோடு நின்றேன். அவர்களில் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, துணியில் பெராக்சைடு எப்படி வந்தது என்று கேட்டார். ஆலை, லாரி, மின்விசிறி எல்லாம் சொன்னேன். ஹாட்பேக்கைப் பற்றியும் கேட்டார்கள். அதற்கு மட்டும் மூவரும் சிரித்தார்கள்.

கடைசியில் வயதில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாராட்டா, கண்டிப்பா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடாத குரலில் பேசினார்.

"அந்தச் சர்க்கரை இல்லாத துண்டை நீங்க எடுத்து வைக்காம இருந்திருந்தா, நாங்க கேட்டிருக்கவே மாட்டோம்."

ஆஸ்பத்திரிக் கட்டில்

ஒரு வருடம் நீட்டித்தார்கள். புதுக் கருவி ஒன்றும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். கடிதம் வந்த அன்று சங்கரபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் இருந்தான். கறுப்பு மேலே ஏறாமல் இருக்கச் சுண்டுவிரலையும் அதற்கடுத்ததையும் மறுநாள் காலை எடுப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். மாரியம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து, கேட்பவர்களிடமெல்லாம் அவிய நல்லாத்தான் இருக்காவ, ரெண்டு விரல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவனிடம் உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது. அந்த நீலம் பொய், துணியை ஒழுங்காக அலசாததால் வந்தது, அலசாதவள் நான் என்றேன். அந்தத் துணி மெய்யாக இருந்திருந்தாலும் உன் காலுக்கு இப்போது வந்திருக்காது என்றும் சொன்னேன். அது ஆறுதலா என்ன என்று எனக்கே தெரியவில்லை. அவன் தன் காலையே பார்த்தான். அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை என்பது அவனுக்கும் தெரியும். வெளியே ஏதோ ஒரு டிராலியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போய் அடங்கியது. பிறகு பட்டாளத்தில் ஆள்களுக்குக் கட்டளை கொடுத்த குரலில் சொன்னான்.

"விரலு போனாப் போவுது எக்கா. நீ அடுத்த ரோல ஒழுங்கா அலசு."

ஏழாவது தண்ணீர்

அலசினேன். வெங்கட்ராஜாவிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் தெலுங்கில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். தமிழில் அதைச் சொல்ல மறுத்துவிட்டார். தண்ணீர் லாரி வந்த நாளாகப் பார்த்து எங்களுக்கென்று ஒரு ரோலைத் தனியே எடுத்துவைத்தார். தொட்டியின் ஓரத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தண்ணீரிலும் ஒரு கரண்டி எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன். முதல் தண்ணீர் அடர்நீலம். மூன்றாவது, துவைத்துப்போன சீருடையின் நீலம். ஐந்தாவது, நீலம் என்று நினைத்தால் நீலம். ஆறாவதிலேயே வெள்ளை. போதும் என்றார். இன்னும் ஒன்று என்றேன். வழக்கமாக இத்தனை அலசமாட்டார்கள். ஆலையில் நான் இருந்த காலத்திலும் இத்தனை கேட்டதில்லை.

ஈரத் துணியைப் பிழிந்து என் கையில் கொடுத்தபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எனக்காகவோ, ஆய்வுக்காகவோ, பாதி வேலையில் துணியைக் கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தலுக்காகவோ, ஏழு தண்ணீரையும் ஆள் வைக்காமல் அவரே மாற்றினார்.

"ஏழு தடவை ஆயிருச்சு கெமிஸ்ட்டம்மா. இனி இதுல நூலு மட்டும்தான் இருக்கு, வேற யாரும் இல்ல."

மூன்று துண்டுகள்

அதன் பிறகும் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. தட்டுகள் துணியில் ஒட்டவில்லை. ஒட்டியவை மடிப்புக் கலைந்தன. இரண்டு முறை எல்லாவற்றையும் குப்பையில் போட்டு முதலிலிருந்து தொடங்கினோம். ஜெயராணி மேடம் சோர்ந்துபோன நாட்களில் நான் தொடங்கினேன். நான் சோர்ந்த நாட்களில் அவர். ஒரே நாளில் இரண்டு பேரும் சோர்ந்தால் செல்லத்தாயின் கேன்டீனில் போய் உட்கார்ந்தோம். அங்கே சோர்வுக்கு இடம் கிடையாது; துளைபோட்ட மூடியைக் காட்டி ஏதாவது சொல்வாள், எழுந்து வந்துவிடுவோம்.

நீட்டிப்பு முடியச் சில வாரங்களே இருந்தபோது, ஏழு தண்ணீர் கண்ட ரோலிலிருந்தே மூன்று துண்டுகள் கிழித்து எடுத்தோம். முதல் துண்டில் தட்டும் சர்க்கரையும். இரண்டாவதில் தட்டு, சர்க்கரை இல்லை. மூன்றாவதில் சர்க்கரை உண்டு, தட்டு இல்லை. அதில் நொதிகளைச் சும்மா தெளித்துவிட்டோம். ஒரு நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை. ஐந்து நிமிடத்திலும் இல்லை. நான் சன்னல் பக்கம் போய் நின்றுவிட்டேன். மேற்கே மலை தெரிந்தது. பகல் வெயிலில் அது நிறமில்லாமல் இருந்தது. திரும்பி வந்தபோது முதல் துண்டில், மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மலைக்கு வருமே, அந்த மெல்லிய நீலம். இரண்டாவது வெள்ளை. மூன்றாவதில், இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாத ஒரு சாயல். மறுநாளும் செய்தோம், அதற்கு மறுநாளும். மூன்று நாளும் அதே முடிவு. ஜெயராணி மேடம் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கி, பேனாவை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, இந்தத் துணி கிழியும்போது சத்தம் எப்படி இருந்துச்சு? அதையும் எழுதிருவோம்."

ஒரு நிமிடத்தில் வந்த நீலம் பொய், ஒரு வருடம் கழித்து வந்த நீலம் மெய், அந்த மெய்யான துணி இன்னும் எந்த மனிதரின் காலையும் தொடவில்லை. சங்கரபாண்டி மிச்சமுள்ள எட்டுக் கால்விரல்களோடு தினமும் கான்சாபுரம் பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வருகிறான்.